மாற்று வீரராகப் புகழ்பெற்ற சோல்ஷேர், பயிற்சியாளரானபின் பெஞ்ச்சை மறந்தாரா?

கடைசிநிமிடம் எழுதியது:

ஓலே குன்னார் சோல்ஷேர் என்ற நார்வே முன்கள வீரரைப் பற்றி யார் பேசினாலும், பேச்சு 1999ஆம் ஆண்டு மே 26ஆம் தேதி பார்சிலோனாவின் காம்ப் நோ அரங்கில் தொடங்கி அங்கேயே முடிந்துவிடுகிறது. பேயர்ன் மியூனிக் அணிக்கு எதிரான அந்தச் சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டத்தில் மான்செஸ்டர் யுனைடெட் 6ஆவது நிமிடம் முதல் ஒரு கோல் பின்தங்கியிருந்தது. 81ஆவது நிமிடத்தில் மாற்று வீரராக இறங்கிய சோல்ஷேர், டெடி ஷெரிங்கம் சமன் செய்த இரண்டு நிமிடங்களுக்குள், பெக்கம் அடித்த கார்னரை ஷெரிங்கம் தலையால் தட்டிவிட, காலை நீட்டி வலையின் மேற்பகுதிக்குள் தள்ளினார். இதைத் தெரியாதவர் இங்கே யாரும் இருக்க மாட்டீர்கள்.

நான் பேச விரும்புவது இன்னொரு மே 26ஐ. 2021இல் அதே தேதியில், போலந்தின் கிடான்ஸ்க் நகரில், யூரோப்பா லீக் இறுதியாட்டத்தில் வில்லாரியல் அணிக்கு எதிராக யுனைடெட் ஆடியபோது, பயிற்சியாளராகக் கோட்டோரம் நின்றவர் இதே சோல்ஷேர். ஜெரார்ட் மொரேனோ 29ஆவது நிமிடத்தில் வில்லாரியலை முன்னிலைப்படுத்தினார்; யுனைடெட்டின் கவானி 55ஆவது நிமிடத்தில் சமன் செய்தார். அதன்பிறகு எதிரணிப் பயிற்சியாளர் உனாய் எமெரி களைத்த கால்களை ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே இருந்தார். சோல்ஷேரோ 90 நிமிடங்கள் முடியும்வரை ஒருவரைக்கூட மாற்றவில்லை. அவருடைய முதல் மாற்றம் நிகழ்ந்தது 100ஆவது நிமிடத்தில். ஆட்டம் பெனால்டிகளுக்குப் போய், களத்தில் நின்ற அத்தனை வீரர்களும் அடித்துமுடித்து, கடைசியில் யுனைடெட் கோல்காப்பாளர் டே கேயா அடித்த பந்தை எதிரணிக் கோல்காப்பாளர் தடுக்க, 11க்கு 10 என்று கோப்பை கைநழுவியது.

பெஞ்ச்சில் அமர்ந்து ஆட்டத்தைப் படித்து, பிறகு இறங்கித் தலையெழுத்தை மாற்றியவர் என்று உலகமே கொண்டாடிய ஒருவர், தம் வாழ்வின் இரண்டாவது பெரிய இறுதியாட்டத்தில் பெஞ்ச் என்று ஒன்று இருப்பதையே மறந்துவிட்டாரா? தற்செயலான பிழை என்று இதை என்னால் ஒதுக்க முடியவில்லை. அவர் ஆட்டக்காரராகக் கற்றதற்கும் பயிற்சியாளராகச் செய்ததற்கும் இடையே ஏதோ ஓர் இணைப்பு அறுந்திருக்கிறது என்றே நினைக்கிறேன். உங்கள் கருத்துகளை அறிய விரும்புகிறேன்.

வலைக்கம்பம் எழுதியது:

நல்ல கேள்வி. ஆனால் உங்கள் அடிப்படையிலேயே ஒரு பிசகு இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. சோல்ஷேரை மாற்று வீரர் என்றே நாம் நினைத்துப் பழகிவிட்டோம். பிரீமியர் லீக்கில் அவர் அடித்த 91 கோல்களில் மாற்று வீரராக வந்து அடித்தவை 17 மட்டுமே. எஞ்சியவை எல்லாம் தொடக்கம் முதல் ஆடி அடித்தவை. 1996 கோடையில் ஆலன் ஷியரரை வாங்க முயன்று, அவர் 15 மில்லியன் பவுண்டுக்கு நியூகாசிலுக்குப் போய்விட்ட நிலையில், யுனைடெட் வெறும் 1.5 மில்லியனுக்கு நார்வேயின் மோல்டே அணியிலிருந்து இவரை அழைத்துவந்தது. இங்கிலாந்தில் அப்போது இவர் பெயரைக் கேள்விப்பட்டவர்களே குறைவு. பிளாக்பர்னுக்கு எதிரான முதல் ஆட்டத்தில் இறங்கிய ஆறு நிமிடங்களில் கோல் அடித்தார். அந்தப் பருவத்தில் லீக்கில் 18 கோல்களுடன் அணியிலேயே முதலிடம் பிடித்தார். 2001-02 பருவத்தில் எல்லாப் போட்டிகளிலும் சேர்த்து 25 கோல்கள். இதைச் செய்தவரை 'மாற்று வீரர்' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் அடைப்பது நியாயமல்ல.

பிம்பம் எங்கிருந்து வந்தது என்பதும் தெரிந்ததே. 1999 பிப்ரவரி 6 அன்று நாட்டிங்கம் ஃபாரஸ்ட் மைதானத்தில் யுனைடெட் ஏற்கெனவே 4-1 என்று முன்னிலையில் இருந்தபோது இறங்கி, கடைசிப் பத்து நிமிடங்களுக்குள் நான்கு கோல்கள் அடித்தார். அதற்கு இரண்டு வாரங்களுக்கு முன் எஃப்ஏ கோப்பையில் லிவர்பூலைக் கடைசி நிமிடத்தில் வீழ்த்தினார். மே மாதம் காம்ப் நோ. நான்கே மாதங்களில் நடந்தவை பதினொரு ஆண்டு வாழ்க்கைக்குப் பெயர் வைத்துவிட்டன.

ஆனாலும் பெஞ்ச்சில் அவர் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை என்பது உண்மைதான். எதிரணித் தற்காப்பு வீரர்கள் எங்கே தவறு செய்கிறார்கள் என்று கவனித்துக்கொண்டிருப்பது தம் வழக்கம் என்று அவரே பலமுறை கூறியிருக்கிறார். உறுமீன் வரும்வரை வாடியிருக்கும் கொக்கு என்று நம் ஊரில் சொல்வோமே, அதுதான்.

ஓரக்கோடு எழுதியது:

கொக்கு உவமை அழகாக இருக்கிறது, பொருந்தவில்லை. கொக்குக்கு ஒரு மீன் போதும். பயிற்சியாளருக்குக் குளம் முழுவதும் வேண்டும். ஒரு தற்காப்பு வீரர் எந்தப் பக்கம் திரும்பத் தாமதிக்கிறார் என்று பார்ப்பது ஒரு திறமை. 38 வாரங்களுக்கு ஓர் அணி எப்படி நிற்க வேண்டும், பந்தை இழந்தால் எப்படி மீட்க வேண்டும் என்று வகுப்பது முற்றிலும் வேறு திறமை. முதலாவது அவரிடம் நிறைய இருந்தது. இரண்டாவது இருந்ததற்கான சான்றை, அவர் முன்பு பயிற்றுவித்த கார்டிஃப் அணியிலும் நான் காணவில்லை, மான்செஸ்டரிலும் காணவில்லை.

கார்டிஃபை எடுத்துக்கொள்ளுங்கள். பயிற்சியாளர் மால்கி மெக்கே நீக்கப்பட்டபின் 2014 ஜனவரியில் பொறுப்பேற்றார். உடனே தம் பழைய மோல்டே வீரர்களான எய்க்ரெம், பெர்கெட், மோலர் டேலி ஆகிய மூவரையும் அழைத்துக்கொண்டார். அணி பட்டியலின் அடியில் முடிந்து கீழ்நிலைக்கு இறங்கியது. செப்டம்பரில் அவரும் விலகினார். பழக்கப்பட்டவர்களையே நம்புவது என்ற குணம் அங்கேயே வெளிப்பட்டுவிட்டது. ஏழு ஆண்டுகள் கழித்து கிடான்ஸ்கில் நடந்ததும் அதே குணத்தின் வேலைதான். தொடங்கிய பதினொருவரை நம்பினார். பெஞ்ச்சில் இருந்தவர்களை நம்பவில்லை. டோனி வான் டே பேக் என்ற நடுக்கள வீரரை 2020இல் அயாக்ஸிலிருந்து வாங்கினார்கள். அந்த 120 நிமிடங்களிலும் அவர் உட்கார்ந்தேதான் இருந்தார்.

பனிக்கடல் எழுதியது:

நான் நார்வேயில் வசிக்கிறேன். இங்கே சோல்ஷேரைப் பயிற்சியாளராக மதிப்பிடுபவர்கள் மான்செஸ்டரிலிருந்து தொடங்குவதில்லை, மோல்டேயிலிருந்து தொடங்குகிறார்கள். அதையும் இந்த இழையில் பதிவு செய்ய வேண்டும்.

அவர் பிறந்த ஊர் கிறிஸ்டியான்சுண்ட், மேற்குக் கரையில், உப்பிட்டு உலர்த்திய காட் மீன் வணிகத்தால் வளர்ந்த துறைமுக நகரம். தந்தை மல்யுத்தத்தில் தேசிய வாகையர். மகனோ அடித்தட்டுப் பிரிவுகளில் ஆடிய கிளவுசெனெங்கென் என்ற உள்ளூர் அணியில் 109 ஆட்டங்களில் 115 கோல்கள் அடித்தார். 22 வயதுக்குப் பிறகுதான் முதல்நிலை லீக்கில் காலடி வைத்தார் என்பதைக் கவனியுங்கள். இன்றைய நிலையில் அந்த வயதில் ஒருவரைத் 'தாமதமாகிவிட்டது' என்று ஒதுக்கிவிடுவார்கள். 1995இல் ஹாரெய்டே பயிற்றுவித்த மோல்டே அவரை எடுத்தது. முதல் பருவத்திலேயே லீக்கில் 26 ஆட்டங்களில் 20 கோல்கள்.

அதே மோல்டேக்கு 2011 தொடக்கத்தில் தலைமைப் பயிற்சியாளராகத் திரும்பினார். அந்த அணி தொடங்கப்பட்டு அது சரியாக நூறாவது ஆண்டு. ஏறத்தாழ 25,000 பேர் வாழ்ந்த அந்த ஊரின் அணி, நூறு ஆண்டுகளில் ஒருமுறைகூட லீக்கை வென்றதில்லை. எத்தனையோ முறை இரண்டாமிடத்தோடு திரும்பியிருந்தது. சோல்ஷேரின் முதல் லீக் ஆட்டத்தில், அப்போதுதான் மேல்நிலைக்கு வந்த சார்ப்ஸ்போர்க் அணியிடம் 3-0 என்று தோற்றார்கள். அந்த வாரம் இங்கே அவரைக் கேலி செய்தவர்கள் பலர். ஆண்டு முடிவில் மோல்டே வாகையர். 2012இல் மீண்டும் வாகையர். 2013இல் ரோசன்போர்கை 4-2 என்று வீழ்த்தி நார்வே கோப்பை. இதைப் பழைய புகழால் மட்டும் சாதிக்க முடியாது. மார்க் டெம்ப்சியை யுனைடெட்டின் இளையோர் அமைப்பிலிருந்து உடன் அழைத்துவந்து, பயிற்சிக் களத்தின் அன்றாட வேலையை ஒழுங்குபடுத்தினார். முழங்கால் காயத்தோடு போராடிய ஆண்டுகளில் யுனைடெட் பயிற்சியாளர் பெர்குசனின் முறைகளையும் பயிற்சிகளையும் குறிப்பேடுகளில் எழுதிவைத்த பழக்கமும், 2008 முதல் யுனைடெட்டின் இரண்டாம் அணியைப் பயிற்றுவித்து 2010இல் ரிசர்வ் லீக்கை வென்ற அனுபவமும் அங்கே கைகொடுத்தன.

எனவே, ஒரு பருவம் முழுவதையும் வகுக்கும் திறமை அவரிடம் இல்லை என்று நண்பர் ஓரக்கோடு சொல்வதை என்னால் ஏற்க இயலவில்லை.

நடுவட்டம் எழுதியது:

இடையே ஒரு சிறு ஐயம். இத்தனை கோல்கள் அடித்தவர் நார்வே தேசிய அணியில் ஏன் அவ்வளவாகப் பேசப்படவில்லை? 1998 உலகக் கோப்பையில் பிரேசிலை நார்வே வென்ற ஆட்டம் என்றால் டோரே ஆன்ட்ரே ஃபுளோவும் ரெக்டாலும்தான் நினைவுக்கு வருகிறார்கள்.

பனிக்கடல் எழுதியது:

அந்த அணி ஆடிய முறைதான் காரணம். பயிற்சியாளர் எகில் ஓல்சென் ஒரே ஒரு முன்கள வீரரை நிறுத்தி, பின்னாலிருந்து நீண்ட பந்துகளை அனுப்பி, விழும் பந்தைப் பலர் ஓடிவந்து பொறுக்கும் முறையை ஆட்டக் கணக்கீடுகளின் துணையோடு வகுத்தவர். அதற்கு உயரமான, முதுகால் எதிராளியைத் தாங்கி நிற்கக்கூடிய வீரர் வேண்டும். ஃபுளோ சகோதரர்கள் அதற்கென்றே பிறந்தவர்கள். சோல்ஷேர் பெட்டிக்குள் அரை அடி இடைவெளியைத் தேடுபவர். ஆகவே அங்கேயும் பல ஆட்டங்களில் பெஞ்ச்தான். இருந்தும் 67 ஆட்டங்களில் 23 கோல்கள் அடித்திருக்கிறார் என்பது சிறிய கணக்கல்ல.

கடைசிநிமிடம் எழுதியது:

மோல்டே பற்றிய பதிவுக்கு நன்றி. 17 கோல்கள் என்ற கணக்கும் என்னைச் சற்றே சங்கடப்படுத்தியது. நானும் பிம்பத்தைத்தான் நம்பியிருந்தேன் என்று ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் என் கேள்வி இன்னும் நிற்கிறது. மோல்டேயில் வென்ற அதே மனிதர் கிடான்ஸ்கில் ஏன் அசையாமல் நின்றார்? வீரர்களை நம்பவில்லை என்ற ஓரக்கோட்டின் விளக்கம் எனக்குப் போதவில்லை, ஏனெனில் அவர் நம்பியதற்கும் சான்றுகள் உண்டு. 2019 மார்ச் 6, பாரிஸ். பாரிஸ் செயின்ட்-ஜெர்மைன் அணியிடம் சொந்த மைதானத்தில் 0-2 என்று தோற்றுவிட்டு, பத்து முதல்நிலை வீரர்கள் இல்லாமல் போன ஆட்டம். அங்கே அவர் களமிறக்கிய மாற்று வீரர்களில் தஹித் சோங்கும் மேசன் கிரீன்வுட்டும் பதின்வயதினர். காணொளி நடுவர் முறையால் கிடைத்த அந்தக் கடைசி பெனால்டியும், 36ஆவது நிமிடத்தில் மாற்று வீரராக வந்த டியோகோ டாலோ அடித்த பந்து கிம்பெம்பேயின் கையில் பட்டதால் கிடைத்தது. ராஷ்ஃபோர்ட் அடிக்க, 3-1; இரண்டு ஆட்டங்களையும் சேர்த்து 3-3, எதிரணி மைதானத்தில் அடித்த கோல்களின் கணக்கில் யுனைடெட் முன்னேறியது. முதல் ஆட்டத்தைச் சொந்த மண்ணில் இரண்டு கோல்களில் இழந்த ஓர் அணி சாம்பியன்ஸ் லீக்கில் மீண்டுவந்தது அதுவே முதல்முறை.

2020 நவம்பரில் சவுத்தாம்ப்டனில் 0-2 என்று பின்தங்கியிருந்தபோது இடைவேளையில் கவானியை இறக்கினார். கவானி ஒரு கோலுக்கு வழிசெய்து, இரண்டு கோல்களைத் தலையால் அடித்து, 3-2 என்று வெல்ல வைத்தார். பெஞ்ச்சைப் பயன்படுத்தத் தெரியாதவர் என்று இவரை எப்படிச் சொல்வது?

வலைக்கம்பம் எழுதியது:

நீங்கள் கொடுத்த இரண்டு எடுத்துக்காட்டுகளிலேயே விடை இருக்கிறது என்று நினைக்கிறேன். இரண்டிலும் யுனைடெட்டுக்கு உடனடியாகக் கோல் தேவைப்பட்டது. சோல்ஷேர் ஆட்டக்காரராக அறிந்த மாற்றமும் அதுதான்: அணி திணறும்போது ஒரு முன்கள வீரரை இறக்கு, அவன் கோல் அடிப்பான். 1999இன் அந்த இரவு அவருடைய உடலிலேயே பதிந்திருக்கும். கிடான்ஸ்கில் நிலைமை அப்படி இல்லை. ஆட்டம் 1-1. துரத்துவதற்கு எதுவும் இல்லை. அங்கே தேவைப்பட்டது களைத்த நடுக்கள வீரரை 70ஆவது நிமிடத்தில் மாற்றும் வறட்டுக் கணக்கு. எமெரி அதில் தேர்ந்தவர். சோல்ஷேரோ, நன்றாக ஆடிக்கொண்டிருக்கும் அணியைக் கலைக்க வேண்டாம் என்று காத்திருந்தார். காத்திருப்பது அவருக்கு நன்றாக வரும். ஆட்டக்காரராக இருந்தபோது அவர் காத்திருந்தார், முடிவெடுத்தவர் பெர்குசன். பயிற்சியாளரானபின் இரண்டும் அவருடைய வேலையாகிவிட்டது.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. 1998இல் டோட்டன்ஹாமுக்கு அவரை விற்க யுனைடெட் ஒப்புக்கொண்டது. போக மறுத்து, தொடக்க இடம் உறுதியில்லை என்று தெரிந்தும் தங்கினார். 2003இல் ரியல் மாட்ரிட்டுக்கு எதிராக வலப்பக்கத்தில் தொடக்கம் முதல் ஆடியவர் சோல்ஷேர். பெஞ்ச்சிலிருந்து வந்து இரண்டு கோல்கள் அடித்தவர் பெக்கம். வெளியே அமர்வதில் உள்ள கசப்பை நன்கு அறிந்தவர் என்பதால்தான், நன்றாக ஆடுகிற ஒருவரை வெளியே அழைக்க அவர் தயங்கினாரோ என்றும் தோன்றுகிறது. இது என் ஊகம் மட்டுமே.

ஓரக்கோடு எழுதியது:

ஊகம் என்று நீங்களே சொல்லிவிட்டதால் அதை விட்டுவிடுகிறேன். துரத்தும் ஆட்டத்துக்கும் சமநிலை ஆட்டத்துக்கும் உள்ள வேறுபாடு என்ற கருத்தை ஏற்றுக்கொள்கிறேன். அது என் குறையை இன்னும் கூர்மையாக்குகிறது. அவருடைய யுனைடெட் முழுவதுமே துரத்துவதற்கும் எதிர்த்தாக்குதலுக்கும் உருவான அணி. குவார்டியோலா பயிற்றுவித்த மான்செஸ்டர் சிட்டியை அதன் சொந்த மைதானத்திலேயே 2019 டிசம்பரிலும் 2020 ஜனவரியிலும் 2021 மார்ச்சிலும் வென்றார். ஏனெனில் சிட்டி முன்னேறி வந்து பின்னால் வெற்றிடம் விட்டது. வெளியூர் லீக் ஆட்டங்களில் தொடர்ந்து 29 முறை தோற்காமல் இருந்ததற்கும் இதுவே காரணம். சொந்த மைதானத்தில், பெனால்டி பகுதிக்கு முன்னால் இரண்டு வரிசையாக நின்றுகொள்ளும் அணிகளிடம் என்ன செய்வது என்று அவருக்கு விளங்கவில்லை. 2020-21இல் 74 புள்ளிகளுடன் இரண்டாமிடம் பிடித்தபோதும் ஆறு லீக் தோல்விகளும் சொந்த மைதானமான ஓல்ட் டிராஃபோர்டில்தான். அவற்றில் ஒன்று டோட்டன்ஹாமிடம் 6-1.

பிறகு 2021 கோடையில் ரொனால்டோ வந்தார். ஓடி அழுத்தம் கொடுத்து எதிர்த்தாக்கும் அணியின் முனையில் 36 வயது வீரர். அக்டோபரில் லிவர்பூலிடம் சொந்த மண்ணில் 5-0; நவம்பர் 20 அன்று வாட்ஃபர்டிடம் 4-1; மறுநாள் நீக்கம். மொத்தம் 168 ஆட்டங்களில் 91 வெற்றிகள், ஒரு கோப்பையும் இல்லை.

பனிக்கடல் எழுதியது:

கோப்பை இல்லை என்பது உண்மை. அதை யாரும் மறைக்க முடியாது. ஆனால் 2018 டிசம்பரில் முந்தைய பயிற்சியாளர் மொரின்யோ விட்டுச்சென்ற அணி எந்த மனநிலையில் இருந்தது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். இடைக்காலப் பொறுப்பில் 19 ஆட்டங்களில் 14 வெற்றிகள். முதல் ஆட்டம் கார்டிஃபில், 5-1. அவரை ஒருகாலத்தில் வழியனுப்பிவைத்த அதே ஊர். நிரந்தரப் பதவி கிடைத்தபின் சறுக்கல் தொடங்கியது, பருவத்தின் கடைசி ஆட்டத்தில் அதே கார்டிஃபிடம் 2-0 என்று தோற்றார்கள் என்பதையும் நானே சொல்லிவிடுகிறேன்.

வீரர்களை இனங்காண்பதில் அவருக்கு இருந்த கண்ணைப் பற்றி யாரும் இன்னும் பேசவில்லை. எர்லிங் ஹாலண்டை 2017இல் பிரைனே அணியிலிருந்து மோல்டேக்குக் கொண்டுவந்தது இவருடைய காலத்தில்தான். 2018 ஜூலை 1 அன்று பிரான் அணிக்கு எதிராக அந்தப் பதினேழு வயதுப் பையன் 21 நிமிடங்களில் நான்கு கோல்கள் அடித்தான். யுனைடெட் பொறுப்பை ஏற்பதற்கு ஆறு மாதங்களுக்கு முன்பே அங்கே தொலைபேசியில் அழைத்து, 4 மில்லியன் பவுண்டுக்கு அவனை வாங்கிக்கொள்ளச் சொன்னதாகவும், அவர்கள் கேட்கவில்லை என்றும் சோல்ஷேரே பின்னர் சொல்லியிருக்கிறார். முன்கள வீரராக இருந்தவரின் கண் அது. அந்தக் கண் தற்காப்பு வரிசையின் ஒழுங்கையும் அதே கூர்மையோடு பார்த்ததா என்று கேட்டால், இல்லை என்றுதான் நானும் சொல்வேன்.

நடுவட்டம் எழுதியது:

துருக்கியில் என்ன நடந்தது?

ஓரக்கோடு எழுதியது:

ஏறக்குறைய அதே கதை, சுருக்கமாக. 2025 ஜனவரியில் பெஷிக்டாஷ் பொறுப்பை ஏற்றார். முதல் ஆட்டத்தில் அத்லெடிக் பில்பாவோவை 4-1 என்று வென்றார், மார்ச்சில் கலாத்தசராயையும் வீழ்த்தினார், லீக்கில் நான்காமிடம். புதிய பருவம் தொடங்கியதும் ஐரோப்பியத் தகுதிச்சுற்றில் ஷாக்தாரிடம் தோற்று, அடுத்ததாகக் கான்ஃபரன்ஸ் லீக்கில் சுவிட்சர்லாந்தின் லோசான் அணியிடமும் தோற்று, ஆகஸ்ட் 28 அன்றே நீக்கப்பட்டார். இறங்கியவுடன் ஆட்டத்தை மாற்றுகிறார். நீண்ட நேரம் களத்தில் இருந்தால் களைத்துப்போகிறார். மோல்டேயை விதிவிலக்காக ஒப்புக்கொள்கிறேன்.

கடைசிநிமிடம் எழுதியது:

'இறங்கியவுடன் மாற்றுகிறார்' என்ற உங்கள் வரியை ரசித்தேன், முழுவதும் உடன்படாவிட்டாலும்.

கிடான்ஸ்க் ஆட்டத்தைப் பற்றி ஒன்றை நான் முதல் பதிவில் விட்டுவிட்டேன். கூடுதல் நேரம் முடியும் தறுவாயில் அவர் மாட்டாவையும் அலெக்ஸ் டெல்லஸையும் இறக்கினார். இருவரும் பந்தைத் தொட்டார்களா என்பதே ஐயம். பெனால்டி அடிப்பதற்காகவே வந்தவர்கள். மாட்டா முதல் பெனால்டியை அடித்தார், டெல்லஸ் இரண்டாவதை, இரண்டும் கோல். ஒரு குறிப்பிட்ட வேலைக்கு ஒரு குறிப்பிட்ட ஆளை அனுப்புவது என்றால் அப்போதும் அவர் கணிப்பு பிசகவில்லை. வலைக்கம்பம் சொன்னதற்கு இது வலுச்சேர்க்கிறது.

வரும் ஞாயிறு அந்த ஆட்டத்தை 60ஆவது நிமிடத்திலிருந்து மீண்டும் பார்க்கப் போகிறேன், பந்தை விட்டுவிட்டு நடுக்கள வீரர்களின் கால்களை மட்டும். மக்டாமினேயும் போக்பாவும் எந்த நிமிடத்தில் பின்வாங்கி ஓடத் தாமதிக்கத் தொடங்குகிறார்கள் என்று குறித்துக்கொண்டு வந்து இங்கே பதிகிறேன். ஓரக்கோடு நண்பரும் தனியாகப் பார்த்துக் குறித்துவைத்தால், இருவருடைய குறிப்புகளையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.